செலவழித்தும் இழுவை கூடாத இன்ஜின்: கேள்வி பதில்

கேள்வி (கோயம்புத்தூர்): ஐயா, என்னுடையது எஸ்டீம், 1298 சிசி, 16 வால்வு இன்ஜின். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி, போர்ட்டிங் (காற்றுவழிகளைச் செதுக்குவது) செய்து, அதிக டியூரேஷன் உள்ள (வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும்) கேம்ஷாஃப்டும், ஹெடர் எனும் புகைக்குழாய்த் தொகுப்பும் போட்டேன். டைனோவில் (பவர் அளக்கும் கருவி) சக்கரத்தில் 6200 ஆர்பிஎம்மில் 71 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) மட்டுமே வந்தது; உச்ச டார்க் (சுழற்றும் விசை) 5300-இல் 84 நியூட்டன் மீட்டர். கம்பெனி சொன்ன 85 குதிரைத்திறன்கூட இல்லையே! பெரிய த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் காற்றை அளந்து விடும் பகுதி) வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கம்பெனி சொல்லும் 85 இன்ஜினிலேயே, கிராங்க்ஷாஃப்டில் அளந்தது. உங்கள் 71 கியர்பாக்ஸ், டயர் எல்லாம் தின்றதுபோக மிஞ்சியது. முன்சக்கர இயக்க வண்டிகளில் இந்த இழப்பைச் சுமார் 14 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் இன்ஜின் ஏறத்தாழ 82 தருகிறது. இழந்தது அதிகமில்லை, ஆனால் செய்த செலவுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

பவரை விட்டுவிட்டு டார்க்கைப் பாருங்கள். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் பிஎஸ் வந்துவிடும். ஆகவே பவர் என்பது தனியாக ஒரு பொருளன்று, எத்தனை ஆர்பிஎம் வரை டார்க்கைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதன் கணக்கு மட்டுமே. உங்கள் 84-ஐக் கிராங்குக்கு மாற்றினால் சுமார் 98, அதாவது லிட்டருக்கு 75 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லாத, நல்ல நிலையிலுள்ள, சிலிண்டருக்கு நான்கு வால்வு உள்ள இன்ஜின் லிட்டருக்கு 85-க்குக் குறையக்கூடாது. கேம் மட்டும் முரட்டுத்தனமாக இருந்திருந்தால் கீழே இழந்ததை மேலே திருப்பித் தந்திருக்கும். இங்கே டார்க் கோடு முழுவதுமே தாழ்ந்திருப்பதால், சிலிண்டர் சரியாக நிரம்பவில்லை அல்லது கேம் டைமிங்கோ (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) ஸ்பார்க் டைமிங்கோ இடம் மாறியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

த்ராட்டில் பாடி குற்றவாளியா என்பதைப் பைசா செலவில்லாமல் தீர்க்கலாம். ஏர் ஹோஸைக் கழற்றி, ஒருவரை ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்கச் சொல்லி, உள்ளிருக்கும் தகடு முழுவதும் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் தளர்ந்த கேபிளும் மடிந்த தரைவிரிப்பும் தின்ற பவர் கொஞ்சநஞ்சமன்று. பிறகு, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு மேனிஃபோல்ட் பிரஷர் (த்ராட்டிலைத் தாண்டிய பிறகு உள்ள காற்றழுத்தம்) எவ்வளவு என்று ஸ்கேனரில் குறித்துக்கொண்டு, முழு மிதியில் 6000 ஆர்பிஎம்மில் மறுபடியும் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 3, 4 கிலோபாஸ்கலுக்குள் இருந்தால் த்ராட்டில் எதையும் தடுக்கவில்லை.

என் சந்தேகம் கேம் டைமிங்கின் மேல்தான். ஹெட்டைச் சீவினால் கிராங்குக்கும் கேமுக்கும் இடையே உள்ள தூரம் குறைந்து, பெல்ட் கேமை ஒன்றிரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளும். அதோடு பெல்ட் ஒரு பல் தவறியிருந்தால் கதை வேறு: 40 பல் உள்ள கேம் புல்லியில் ஒரு பல் என்பது கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலும் ஓரளவு நிற்கும், ஆனால் இழுக்காது. கம்ப்ரஷன் டெஸ்டில் நான்கு சிலிண்டரும் ஒரேபோல் குறைவாகக் காட்டி, லீக்டவுன் டெஸ்டில் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவு பார்ப்பது) நான்கும் நன்றாக இருந்தால், ரிங்கும் வால்வும் குற்றமற்றவை. இன்டேக் வால்வு தாமதமாக மூடுகிறது. அந்தக் கேமின் டியூரேஷனே இதில் ஒரு பங்கு என்பதால், டிகிரி வீலும் (கிராங்கின் கோணம் காட்டும் வட்டத் தகடு) டயல் கேஜும் வைத்து, கேமோடு வந்த அட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முடிவான சோதனை. புல்லிக் குறியை நம்பவேண்டாம். அது ஹெட்டைச் சீவுவதற்கு முந்தைய கணக்கு.

கேள்வி (சென்னை): ஒரே வாரத்தில் இரண்டு டைனோக்களில் ஏற்றினேன். ஒன்றுக்கொன்று 9 பிஎஸ் வித்தியாசம். எதை நம்புவது?

பதில்: இரண்டு தாள்களின் ஓரத்திலும் எந்தத் திருத்தக் கணக்கு (வெப்பம், காற்றழுத்தம் மாறினாலும் எண்ணை ஒரே நிலைக்குக் கொண்டுவருவது) என்று அச்சாகியிருக்கும், முதலில் அதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே1349 என்பது 25 டிகிரி வெப்பத்துக்குத் திருத்துவது. பழைய ஜே607 அதைவிடச் சுமார் 4 சதவீதம் கூட்டிக் காட்டும். டயர் காற்று, கட்டும் பெல்ட்டின் இறுக்கம், எதிரே வைக்கும் மின்விசிறி ஆகியவை மீதியைச் செய்யும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே கியரில் ஏற்றினால் மட்டுமே ஒப்பிடலாம்.

கேள்வி (மதுரை): ஸ்விஃப்ட் 1.3 டீசல், 75 பிஎஸ் மாடல். ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அட்டவணையான மேப்பை மாற்றுவது) செய்தபின் கரும்புகை வருகிறது, ஆனால் மேட்டில் முன்பைவிட மந்தம். மேப் தவறா?

பதில்: மேப் தவறாகவும் இருக்கலாம், ஆனால் கரும்புகை என்றால் டீசல் போகிறது, அதற்கேற்ற காற்று போகவில்லை என்று பொருள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து மேனிஃபோல்டுக்கும் செல்லும் ஹோஸ்களின் கிளாம்புகளைத் துணியால் துடைத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு கிளாம்பின் ஓரத்தில் மட்டும் கருமையான எண்ணெய் ஈரம் படிந்திருந்தால், பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) அங்கேதான் கசிகிறது. நிறுத்தி வைத்திருக்கும்போது இறுக்கமாகத் தெரியும் ஹோஸ், அழுத்தம் ஏறியதும் வாய் பிளக்கும். ரீமேப் பூஸ்டைக் கூட்டியதால்தான் பழைய பிளவு இப்போது வெளிப்படுகிறது. ஸ்கேனரில் கேட்கப்படும் பூஸ்டையும் கிடைக்கும் பூஸ்டையும் சேர்த்துப் பதிவு செய்தால் ஐயம் தீரும். அதுவரை அந்த மேப்பில் ஓட்டாமல் பழையதை ஏற்றிக்கொள்ளுங்கள். கரும்புகையோடு ஓட்டினால் வெளியேறும் வாயுவின் சூடு டர்போவையே கெடுக்கும்.

கேள்வி (உதகமண்டலம்): சமவெளியில் டியூன் செய்த கார்புரேட்டர் வண்டி இங்கே மூச்சு வாங்குகிறதே?

பதில்: உதகை ஏறக்குறைய 2240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த இன்ஜினும் அந்த அளவை ஒட்டியே இழக்கும். ஜெட்டை (கார்புரேட்டரில் எரிபொருள் வரும் துளை) சிறிதாக்கினால் புகையும் பிளக்கில் படியும் கரியும் குறையும். இழுவை முழுதாகத் திரும்பாது.

கேள்வி (சேலம்): தனி இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போட்டுச் சில ஆண்டுகளுக்கு முன் மேப்பிங் செய்த பெட்ரோல் வண்டி. அப்போது நன்றாக இழுத்தது. இப்போது 5000-க்கு மேல் தட்டையாகிவிட்டது. எதையும் மாற்றவில்லை.

பதில்: நீங்கள் மாற்றவில்லை, பெட்ரோல் மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 எரிபொருளுக்குச் சரியான காற்று-எரிபொருள் விகிதம் 13.5-ஐ ஒட்டியது, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு 14.7. அதாவது அதே காற்றுக்குச் சுமார் 8, 9 சதவீதம் அதிக எரிபொருள் வேண்டும். முழு மிதியில் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளாமல் பழைய அட்டவணையிலேயே இசியு ஓடினால், கலவை மெலிந்துவிடும். ஆகவே கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரை விகிதத்தில் படிக்காமல் லாம்டாவில் (சரியான விகிதத்தை 1 என்று வைத்து ஒப்பிடும் எண்) படியுங்கள். முழு மிதியில் 0.86 முதல் 0.90 வரை இருக்கவேண்டும்.

கூடுதல் எரிபொருள் கொடுக்க இன்ஜெக்டருக்கு நேரம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு (கிராங்க் இரண்டு சுற்று) 20 மில்லிசெகண்ட்தான். இன்ஜெக்டர் 17 மில்லிசெகண்டுக்கு மேல் திறந்திருந்தால் அதன் எல்லை வந்துவிட்டது, பெரியது போடவேண்டும். அதற்கு முன் ஃப்யூயல் ரெயிலில் கேஜ் மாட்டி, முழு மிதியில் பிரஷர் விழுகிறதா என்று பாருங்கள். ஆர்பிஎம் ஏற ஏற முள் இறங்கினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது பம்ப் தளர்ந்திருக்கிறது; அப்போது இன்ஜெக்டரை மாற்றுவது வீண் செலவு.

கேள்வி (திருச்சி): கோன் ஃபில்டர் போட்டபின் சத்தம் கூடியது, வெயிலில் இழுவை குறைந்தது. ஏன்?

பதில்: பானெட்டுக்குள் இருக்கும் சூட்டை இழுக்கிறது. 40 டிகிரி வெளிக்காற்றுக்குப் பதில் 70 டிகிரிக் காற்று உள்ளே போனால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. பழைய ஏர்பாக்ஸைத் திரும்ப மாட்டி, அதற்குள் நல்ல ஃபில்டர் போடுங்கள்.