டொயோட்டா கொரோலா 110இல் வரும் 5ஏ எஞ்சினை இப்போதும் நம்பி வாங்கலாமா?

நம்பி வாங்கலாம். ஆனால் மீற்றர் எத்தனை கிலோமீற்றர் காட்டுகிறது என்பதில் மினக்கெடாமல், முதலில் றேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் 1997 மொடல் 110 ஒன்று இன்றைக்கும் ஓடுகிறது. அதே எஞ்சின் கெட்டுப்போய்க் கிடக்கும் கார்களையும் சொந்தக்காரர், அயலவர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஓடித் தேய்ந்தவை அல்ல, சூடேறிக் கெட்டவை.

முதலில் எஞ்சின் விபரம். 110 என்று நாங்கள் சொல்வது 1995இல் ஜப்பானில் வந்த எட்டாம் தலைமுறைக் கொரோலா. இங்கே அதிகம் வந்தது 5ஏ-எஃப்ஈ எஞ்சினோடுதான். 1498 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு, மேலே இரண்டு கேம். சிலிண்டர் விட்டம் 78.7 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 77. கம்ப்ரெஷன் 9.8க்கு 1. ஜப்பான் கணக்கில் நிமிடத்துக்கு 5600 சுற்றில் 100 குதிரைவலு. கிட்டத்தட்ட ஒரு தொன் எடையுள்ள காருக்கு இது தாராளம். விட்டத்தை 81 ஆக்கினால் 1587 சிசி 4ஏ, அதிலேயே பிஸ்டன் ஓடும் தூரத்தையும் கூட்டினால் 1762 சிசி 7ஏ. எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் உதிரிப்பாகத்துக்கு அலையத் தேவையில்லை. இங்கே இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும்.

இந்த எஞ்சினில் எனக்குப் பிடித்த விஷயம், வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட். 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். ஆனால் தவறிப்போய் ஓட்டத்தில் அறுந்தாலும் பிஸ்டன் வால்வில் முட்டாது. கார் நின்றுவிடும், இழுத்துக்கொண்டுபோய்ப் புதுப் பெல்ட் போட்டால் திரும்ப ஓடும். பல எஞ்சின்களில் அந்த ஒரு பெல்ட் அறுந்தாலே ஹெட், அதாவது வால்வுகள் இருக்கும் மேற்பகுதி, வேலை வந்துவிடும். வோட்டர் பம்பும் டைமிங் பெல்ட்டில் இல்லை, வெளியே உள்ள பெல்ட்டில்தான் சுற்றுகிறது. அதனால் பம்ப் இறுகினாலும் டைமிங்குக்கு ஆபத்தில்லை.

சரி, சூடேறும் கதைக்கு வருவோம். சிலிண்டர்கள் உள்ள பிளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒழுங்கான சூட்டில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் அதைத் தாங்கிக்கொள்ளும். ஒருதரம் நன்றாகச் சூடேறினால் ஹெட் வளையும், கேஸ்கட் போகும். யாழ்ப்பாணத்தில் இதற்கு வழி செய்துகொடுப்பது எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். சுண்ணாம்புக்கல் நிலம், குடிக்கிற கேத்திலிலேயே வெள்ளையாகப் படிகிறது. அதே தண்ணீரை வருடக்கணக்காக றேடியேற்றருக்குள் ஊற்றினால் என்னாகும்? அயலவர் ஒருவரின் 110இல் றேடியேற்றரைக் கழற்றி மேல்தொட்டியைத் திறந்தபோது கிட்ட நின்று பார்த்தேன். குழாய்களின் வாயில் பாதிக்கு மேல் சாம்பல் வெள்ளையாகக் கட்டிபிடித்து, அதன்மேல் பிளொக்கிலிருந்து வந்த துருச் சேறு. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் ஓடு ஓடாக உதிர்ந்தது. அதற்குள்ளால் தண்ணீர் எப்படி ஓடும்? எஞ்சினில் ஒரு குற்றமும் இல்லை.

போர்க்காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது இங்கே ஒஸ்டின், மொரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அவை கம்ப்ரெஷன் குறைந்த, கார்பரேட்டர் எஞ்சின்கள், எதையும் சமாளித்தன. அவற்றை ஓடவைத்த மெக்கானிக்மார் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கைப்பழக்கத்தை அப்படியே 5ஏக்கும் கொண்டுவருவதுதான் பிழை.

தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிவது அதில் ஒன்று. 'எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை' என்பார்கள். அது எஞ்சின் சூடாகும்வரை றேடியேற்றருக்குப் போகும் தண்ணீரை அடைத்துவைத்து, 82 பாகையளவில் திறக்கும்படி செய்த சாமான். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் சூடாகவே நெடுநேரம் பிடிக்கும். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கொம்பியூட்டர் கூடப் பெற்றோலைத் தெளிக்கும். 'இந்தக் கார் குடிக்குது' என்று விற்கப்படும் கார்களில் சிலவற்றுக்கு வருத்தம் இதுதான். ஓட்டிப் பார்க்கும்போது வெப்பநிலை முள்ளைக் கவனியுங்கள். சூடானபின் நடுவுக்குச் சற்றுக் கீழே வந்து அசையாமல் நிற்கவேண்டும். ஓட்டத்தில் இறங்கி, நின்றால் ஏறுகிறது என்றால் தேர்மோஸ்டற் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் காரில் தேர்மோஸ்டற் இருக்கிறது, றேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் இல்லை, அதற்கென்று விற்கும் நிறத் திரவமான கூலன்ற் மட்டும்தான். நகருக்குள் லீற்றருக்கு 10, 11 கிலோமீற்றர், கொழும்புக்கு ஓடினால் 14க்குக் கிட்ட. 92 ஒக்டேனே போதும், 95க்குக் காசைக் கொட்டவேண்டாம்.

அடுத்தது ஒயில். பிளக் வயர்களைக் கழற்றிக் குழிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பளபளவென்று ஒயில் நின்றால் பயப்படாதீர்கள், அது மேல்மூடியின் றப்பர்கள் இறுகியதால் வருவது, சின்னச் செலவு. டிஸ்ரிபியூட்டர் அடியில் கசிந்தால் அங்கேயும் ஒரு றப்பர் வளையம்தான். புகைதான் பெரிய விஷயம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் இறுகிப்போயிருக்கும், ஹெட்டோடு முடியும். அக்சிலேட்டர் மிதிக்க மிதிக்கப் புகைத்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ஒயில் ரிங் கரிபிடித்து ஒட்டியிருக்கும், முழு எஞ்சினையும் பிரிக்கவேண்டிவரும். விற்கிறவர்கள் தடித்த ஒயிலை ஊற்றி இதைக் கொஞ்சநாள் மறைப்பார்கள். ஒயில் எடுப்பது இந்தக் குடும்பம் முழுவதற்கும் வயதுபோனால் வரும் குணம், அதனால் கொஞ்சம் குறைவதை வைத்து மட்டும் காரை ஒதுக்கவேண்டாம். ஐடில், அதாவது அக்சிலேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், ஏறி இறங்கினால் பெரும்பாலும் ஐடில் வால்வில் கரி. கழுவினால் சரி.

விலைதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2020இல் இறக்குமதியை நிறுத்தியபின் பழைய கார்களெல்லாம் தங்கவிலைக்குப் போயின. 2025இல் திரும்ப விட்டாலும் வரிக் கணக்கைப் பார்த்தால் சாதாரண ஆட்களுக்குப் புதுக்கார் எட்டாது. அதனால் 110க்கு நல்ல காசு கேட்பார்கள். எஞ்சின் சரியாக இருந்தால் கொடுக்கலாம் என்றே சொல்வேன். இருபத்தைந்து வருடம் கடந்த வேறெந்தக் காரையும் நான் இப்படிச் சொல்லமாட்டேன்.

பார்க்கப் போவதென்றால் காலையில் போங்கள். 'நாங்கள் வருமட்டும் ஸ்டார்ட் பண்ணவேண்டாம்' என்று முதல்நாளே சொல்லிவையுங்கள். போனதும் பொனற்றில் கைவைத்துக் குளிராக இருக்கிறதா என்று பாருங்கள். றேடியேற்றர் மூடியையும் அப்போதே திறக்கலாம், சூடாக இருந்தால் தொடவே வேண்டாம். உள்ளே சிவப்பாகவோ பச்சையாகவோ கூலன்ற் தெரிந்தால் மற்றதைப் பாருங்கள். தேத்தண்ணி நிறத்தில் துருத் தண்ணீர் நின்றால், அல்லது ஒயில் மூடியின் அடியில் பால்போல வெள்ளை ஒட்டியிருந்தால், காரை எவ்வளவு வடிவாக மினுக்கி வைத்திருந்தாலும் அடுத்ததைப் பார்க்கப் போங்கள்.