மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை குறையவில்லை என்றால் மருந்தை எப்படி மாற்றுகிறார்கள்?

மருந்தைச் சரிசெய்வது என்றால் அளவைக் கூட்டுவது மட்டுமல்ல. வேறு வகை மருந்தைச் சேர்ப்பது, மருந்து சாப்பிடும் நேரத்தை மாற்றுவது, சில சமயம் இன்சுலின் தொடங்குவது எல்லாம் அதில் அடங்கும்.

ஏன் தேவைப்படுகிறது? இரண்டாம் வகை நீரிழிவில், கணையம் இன்சுலின் சுரக்கும் திறன் வருடங்கள் போகப் போகக் குறையும். பழைய மோட்டார் மாதிரிதான்: தொட்டி அதே தொட்டி, தேவைப்படும் தண்ணீரும் அதே அளவு, ஆனால் மோட்டாரின் இழுவை குறைந்துவிட்டது. நேற்று வரை போதுமானதாக இருந்த மாத்திரை இன்று போதாமல் போவது இப்படித்தான்.

ஒரு நாள் அளவை மட்டும் வைத்து மருத்துவர் முடிவெடுக்க மாட்டார். காய்ச்சல், ஸ்டீராய்டு மருந்து, மாத்திரை விட்டுப்போன வேளைகள் எல்லாமே சர்க்கரையை ஏற்றும். முதலில் இவற்றைக் கேட்பார். அப்புறம் எச்பிஏ1சி பரிசோதனை. அது ரத்தச் சர்க்கரையின் கடந்த 2-3 மாதச் சராசரியைக் காட்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பெரும்பாலும் 500 மி.கி.யில் தொடங்கி, வயிறு ஒத்துக்கொள்ளும் வேகத்தில் கூட்டுவார்கள்.

தயவுசெய்து நீங்களாகவே கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் ரத்தச் சர்க்கரையை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறக்கிவிடலாம். நடுக்கம், வியர்வை, மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். மறுபக்கம், சர்க்கரை மிக அதிகமாக இருந்து வாந்தியோ மூச்சுவாங்கலோ சேர்ந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்சுலின் எழுதிக்கொடுத்தால் 'கடைசிக் கட்டம்' என்று பலர் பயப்படுகிறார்கள்; அப்படியல்ல, சிலருக்கு நோய் தெரிந்த தொடக்கத்திலேயே கொஞ்ச காலம் இன்சுலின் கொடுத்து, பிறகு மாத்திரைக்கு மாற்றுவதும் உண்டு.