ஒரே தோட்டம், ஐந்து வருடம்: ஆரஞ்ச் மலை ஷார்டனே கேள்வி பதில்

சிட்னியிலிருந்து மேற்கே சுமார் 250 கிலோமீட்டர், நீலமலைத் தொடரைத் தாண்டிப் போனால் ஆரஞ்ச் என்று ஒரு ஊர். பெயரை நம்பி ஏமாறாதீர்கள், ஆரஞ்சுப் பழம் அங்கே விளையாது, குளிர் விடாது. ஆப்பிள், செர்ரி, அப்புறம் திராட்சை. அங்கே 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு சின்ன ஒயின் பட்டறையில் பதினோரு அறுவடை பார்த்துவிட்டேன். எங்கள் ஷார்டனே (அது ஒரு வெள்ளைத் திராட்சை வகை, அதில் செய்யும் ஒயினுக்கும் அதே பெயர்) முழுக்க பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாயில் நொதித்து, பத்து மாதம் அதிலேயே கிடந்து, பிறகுதான் பாட்டிலுக்குப் போகும். போன வாரம் 2018, 2019, 2021, 2022, 2023 என ஐந்து வருடத்துப் பாட்டில்களை வரிசையாக நிறுத்தித் திறந்தோம். அதைச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்கா, 2019க்கு அடுத்து 2021. நடுவில் 2020 எங்கே போச்சு?

புகையாய்ப் போச்சு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2019 பிற்பாதியில் தொடங்கி 2020இன் முதல் மாதங்கள் வரை எரிந்த காட்டுத்தீ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் தோட்டத்தில் நெருப்பு வரவில்லை. புகை வந்தது, வந்து வாரக்கணக்கில் பள்ளத்தாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது. தெற்கே டம்பரம்பா பக்கம் இன்னும் மோசம், அங்கே கொடிகளே எரிந்தன.

புகையில் குவாயகால் போன்ற பொருட்கள் இருக்கின்றன. திராட்சைத் தோல் அதை உறிஞ்சி, சர்க்கரையோடு கட்டி உள்ளே வைத்துக்கொள்கிறது. கட்டுண்டு கிடக்கும்வரை அதற்கு வாசனை கிடையாது. பழத்தைக் கடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அருமையாக இருக்கும். நொதிக்கும்போது கொஞ்சம் அவிழும். மீதி எங்கே அவிழ்கிறது தெரியுமா? உங்கள் வாயில், எச்சில் பட்டு.

அதனால் அந்த வருடம் எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம். அறுவடைக்கு முன்பே பத்துக் கிலோ பழத்தைப் பறித்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் நொதிக்க விட்டோம். அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்துக்கும் மாதிரி அனுப்பினோம். நாடு முழுக்க அனுப்பியதால் அங்கே பெரிய வரிசை. வாளி ஒயினில் மூன்றாம் நாள் பீச் பழ வாசனை, எங்களுக்கு ஒரே குஷி. பத்தாம் நாள் ஒரு வாய் எடுத்துச் சுழற்றித் துப்பினேன். சுத்தமாக இருந்தது. மனதுக்குள் இருபது எண்ணினேன். பதினைந்து வரும்போது நாக்கின் அடியில் ஊதுபத்திச் சாம்பலை வைத்த மாதிரி ஒரு சுவை எழும்பி வந்தது, தண்ணீர் குடித்தும் போகவில்லை. பழத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டோம், பறவைகளுக்கு நல்ல வருடம். சிலர் தோல் அதிகம் கசங்காமல் மெல்லப் பிழிந்து கொஞ்சம் வெள்ளை ஒயின் போட்டார்கள். அது அவர்கள் முடிவு. எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

உயரம் உயரம் என்கிறீர்கள். 900 மீட்டர் என்பது ஏற்காட்டைவிடக் குறைவுதானே?

உண்மைதான். ஆனால் ஏற்காடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், ஆரஞ்ச் தெற்கே 33 பாகையில் இருக்கிறது. குளிர்காலத்தில் கொடி மொத்தமாக இலை உதிர்த்துத் தூங்கும், சில நாள் பனியும் விழும். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், கடல் மட்டத்தைவிட ஐந்து டிகிரிக்கு மேல் குளிர். இங்கே உயரம் என்பது வெறும் விளம்பரம் இல்லை, சட்டம். 600 மீட்டருக்குக் கீழே விளைந்த பழத்துக்கு 'ஆரஞ்ச்' என்ற வட்டாரப் பெயரைப் போட முடியாது. ஊருக்குப் பக்கத்திலேயே கனோபோலாஸ் மலை, 1,395 மீட்டர். அணைந்துபோன எரிமலை. அதன் சரிவுகளில்தான் பல தோட்டங்கள். வணிகத்துக்காக முதலில் கொடி நட்டது பிளட்வுட் தோட்டம், 1983இல். அதாவது பிரான்சோடு ஒப்பிட்டால் நேற்று முளைத்த ஊர்.

நடைமுறையில் என்ன வித்தியாசம் என்றால், இதே மாநிலத்தின் ஹண்டர் பள்ளத்தாக்கில் ஜனவரி கடைசியில் ஷார்டனே பறித்துவிடுவார்கள். நாங்கள் மார்ச் நடுவில் கத்தரியைத் தீட்டுவோம். அந்த ஆறு ஏழு வாரமும் பகலில் வெயில் காய்ந்து இனிப்பு ஏறும், ராத்திரிக் குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கும்.

ஐந்தில் எது பெஸ்ட்? சுற்றி வளைக்காமல் ஒரே வரியில்.

இன்று ராத்திரி குடிக்க 2021, வாங்கி மறந்துவிட 2023. ஒரு வரி முடிந்தது. இனி சுற்றி வளைக்கிறேன்.

2018 சூடான, வறண்ட வருடம், ஆனால் அளவோடு. இப்போது பொன்னிறம் ஏறி, வறுத்த முந்திரி வாசனை வருகிறது. இன்னும் வைத்திருப்பவர்கள் குடித்துவிடுங்கள். 2019 கடும் வறட்சி. அந்த ஜனவரிதான் அதுவரை ஆஸ்திரேலியா கண்ட மிகச் சூடான ஜனவரி. எங்கள் அணைக்குட்டையில் தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. பழம் சின்னச் சின்னதாக, தோல் தடித்து, பிப்ரவரி கடைசியிலேயே பழுத்துவிட்டது. குடித்தால் பழுத்த பீச், கொஞ்சம் அன்னாசி, தொண்டையில் லேசான சூடு. வந்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் முதலில் காலி செய்தார்கள். எனக்குப் பிடிக்காது. வாயை நிறைக்கிறதே தவிர, அடுத்த வாய்க்குக் கூப்பிடுவதில்லை.

2021இலிருந்து கதை மாறுகிறது. 2020 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று கோடை லா நின்யா, அதாவது பசிபிக் கடல் குளிர்ந்து எங்கள் பக்கம் மழையைத் தள்ளும் காலம். மழை, மேகம், குளிர். வறட்சியில் வாடிய கொடிக்கு முதல் வருடத்து மழை மருந்து மாதிரி. 2021இல் விளைச்சலும் உண்டு, புளிப்பும் உண்டு, இரண்டும் சண்டை போடாமல் நிற்கின்றன. 2022இல் அதே மழை தொல்லையாகிவிட்டது. பூஞ்சைக்கு மருந்து அடிக்கப் போன டிராக்டர் இரண்டு தடவை சேற்றில் மாட்டியது. பழத்தில் சாரம் கொஞ்சம் குறைவு. 2023 இன்னும் குளிர். எங்கள் கடைசிக் கூடை ஏப்ரலில்தான் இறங்கியது. ஆனால் பழுக்கும் கடைசி மாதம் மழை விட்டுக்கொடுத்தது. 2019இல் 13.5 சதவீத ஆல்கஹால், 2023இல் 12.4. ஒரே வரிசைக் கொடிகள்தான்.

அதனால் ஒரு வருடம் நல்லதா கெட்டதா என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள். மழை எந்த மாதம் பெய்தது என்று கேளுங்கள். முழித்தால் வேறு கடை.

பீப்பாய் வருடா வருடம் ஒன்றுதானே? பழம்தான் மாறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நானும் அப்படித்தான் நினைத்தேன், 2022இல் அதற்குத் தண்டனையும் கிடைத்தது.

புது ஓக்கில் வெனிலா, கிராம்பு, சுட்ட ரொட்டி வாசனைகள் நிறைய இறங்கும். இரண்டாம் முறை குறையும். நான்காம் முறைக்கு மேல் வாசனை ஏறக்குறைய தீர்ந்துவிடும், மரத்தின் வழியே மெல்லக் காற்று மட்டும் போய்வரும். அது வேறு வேலை, அதுவும் வேண்டும். அளவும் முக்கியம். பிரான்சின் பர்கண்டி வட்டாரத்துப் பீப்பாய் 228 லிட்டர். பஞ்சன் என்ற பெரியது 500 லிட்டர். பெரிய பீப்பாயில் ஒரு லிட்டருக்குப் படும் மரம் குறைவு.

நாங்கள் பழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு புதுப் பீப்பாய் வாங்குவோம். 2019 அதைத் தாங்கியது. கொழுத்த ஒயின், எவ்வளவு மரம் போட்டாலும் விழுங்கியது. 2021ம் சமாளித்தது. 2022இல் பழம் மெலிந்திருந்தது, ஆனால் பீப்பாய்க்கு முன்பே பணம் கட்டியாகிவிட்டது, சும்மா நிறுத்தி வைக்க மனமில்லை. ஆகஸ்டில் பிப்பெட்டை இறக்கி உறிஞ்சி எடுத்துப் பார்த்தால், தச்சுப் பட்டறைக்குள் யாரோ எலுமிச்சம்பழம் நறுக்கிய மாதிரி இருந்தது. பழைய பீப்பாய் ஒயினோடு கலந்து ஓரளவு மறைத்தோம். அன்று வரிசையாகக் குடித்தபோதும் 2022இல் மரம் தனியாக, ஒயின் தனியாக நின்றது. உண்மையைச் சொன்னால் அது மழையின் குற்றம் இல்லை, எங்கள் குற்றம்.

2023க்குப் புதுப் பீப்பாய் பத்தில் ஒன்றுதான், அதுவும் 500 லிட்டர். குளிர்ந்த வருடத்து ஒயினுக்கு மரம் என்பது ரசத்துக்குப் பெருங்காயம். இருப்பது தெரியக்கூடாது, இல்லாவிட்டால் தெரியவேண்டும்.

வெண்ணெய் வாசனை பீப்பாயிலிருந்து வருகிறதா? எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

பீப்பாயிலிருந்து இல்லை, பாக்டீரியாவிலிருந்து. பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தை, தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக அது மாற்றும். கூர்மையான புளிப்பு மழுங்கும். அந்த வேலையின்போது டைஅசிட்டைல் என்ற பொருளும் பிறக்கும், வெண்ணெய் மணம் அதுதான். நொதித்து முடிந்து அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு பொறுமையாக விட்டு வைத்தால் வண்டலே அதைத் தின்று குறைத்துவிடும். 2019இல் இந்த மாற்றத்தை நாங்கள் முழுக்கத் தடுத்தோம், இருந்த புளிப்பைக் காப்பாற்ற. 2023இல் பாதிப் பீப்பாய்களில் ஓட விட்டோம். இல்லாவிட்டால் பல் கூசும். உங்களுக்கு 2019 ஒத்துவரும்.

பாட்டிலைத் திறந்ததும் தீக்குச்சி உரசிய வாசனை. கெட்டுப்போச்சா?

இல்லை. நொதிக்கும்போது வண்டலில் உருவாகும் கந்தகச் சேர்மங்கள் அவை. இன்றைய ஆஸ்திரேலிய ஷார்டனேயில் அதை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். கொஞ்சம் இருந்தால் அழகு, அதிகமானால் வாணவேடிக்கை முடிந்த தெரு. ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். போகாமல் அழுகிய முட்டை வாசனை வந்தால், அது நிஜமாகவே குறைதான்.

திருகு மூடி போட்டிருக்கிறார்களே, மட்டமான சரக்கா?

அந்தக் காலம் போய்விட்டது. 2000இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் செய்பவர்கள் கூட்டமாகத் திருகு மூடிக்கு மாறினார்கள், மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். தக்கை நாற்றம் வராது, திறக்கவும் கருவி வேண்டாம்.

பாட்டில் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி இருந்தது. பயந்து கொட்டிவிட்டேன்.

அடடா. அது டார்டாரிக் அமில உப்பு. புளியில் இருக்கிற அதே அமிலம்தான். குளிரில் படிகமாகி இறங்கும், ஃபிரிட்ஜில் பல நாள் வைத்தால் வரும். நறநறவென்று இருக்கும், கெடுதல் இல்லை. அடுத்த தடவை கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிட்டு ஊற்றுங்கள்.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே ஷார்டனே போட்டால் நாமும் கலக்கலாமே?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உயரம் குளிரைத் தருமே தவிர, பருவத்தைத் தராது. ஊட்டியில் வருடம் முழுக்க ஒரே மாதிரி மிதக் குளிர். கொடி ஆழமாகத் தூங்காது, எல்லாக் கொடியும் ஒன்றாக விழிக்காது. கோடையில் எங்களுக்குக் கிடைக்கும் பதினான்கு மணி நேரப் பகல் அங்கே இல்லை. போதாததற்கு இரண்டு பருவமழை. நம் ஊர் வெப்பத்தோடு ஒத்துப்போகிற திராட்சை கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. வருடம் முழுக்கக் காய்க்கும், 2023இல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அதை விட்டுவிட்டு ஷார்டனேயைக் கெஞ்சுவானேன்? (நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்று எழுதிவிட்டு உள்ளே மற்றதெல்லாம் விற்பார்கள், அது தனிக் கதை.)

நம் சாப்பாட்டோடு எடுபடுமா?

காரக் குழம்போடு வேண்டாம். காரம் ஆல்கஹாலை இன்னும் எரிய வைக்கும், ஓக்கைக் கசக்க வைக்கும். தேங்காய்ப் பால் பக்கம் போங்கள். யாழ்ப்பாணத்து மீன் சொதி, இடியாப்பம், பக்கத்தில் 2021. வறுத்த இறாலில் மிளகாய் குறைத்து, எலுமிச்சை பிழிந்தால் 2023. இரண்டும் நானே செய்து பார்த்தவை. சாம்பாரோடு முயன்றேன், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

2023 வாங்கினேன் அக்கா, விலையும் அதிகம். எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

எப்படிக் குடித்தீர்கள், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடா? நான்கு டிகிரியில் எந்த ஷார்டனேயும் வாய் திறக்காது. எடுத்து வெளியே வைத்து, பன்னிரண்டு டிகிரி அளவுக்கு வரட்டும். கொஞ்சம் அகன்ற கிளாஸில் ஊற்றுங்கள்.

அப்போதும் எலுமிச்சைதான் என்றால், மூடியைத் திருகி மீதியை மறுநாளைக்கு வையுங்கள். அன்று எங்கள் மேஜையில் 2023 தான் கடைசி இடம், யாரும் இரண்டாவது கிளாஸ் கேட்கவில்லை. மீந்ததை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் ராத்திரி சமையலறையில் நின்றபடியே ஒரு வாய் குடித்தேன். வெள்ளைப் பீச், சுட்ட ரொட்டி ஓரம், உப்புக்கல் நக்கிய மாதிரி ஒரு முடிவு. உடனே அன்று என்னோடு குடித்த நால்வருக்கும் போன் போட்டேன். மணி பதினொன்று, ஒருத்தர்தான் எடுத்தார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாட்டில் காலி.