பதில்: அமெரிக்க அதிபரின் உத்தரவை யார் தடுப்பது?

"அதிபர்தான் படைத்தளபதி, போர்க்காலத்தில் அவரை யாரும் தடுக்க முடியாது" என்று விவாதத்தில் எதிரணி வாதிட்டால் என்ன சொல்வது எனக் கேட்டிருந்தீர்கள். 1952-ஐ எடுத்துச் சொல்லுங்கள். கொரியப் போர் நடக்கிறது, எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் நெருங்குகிறது. அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசே எடுத்து நடத்த உத்தரவிட்டார். இரண்டே மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அது செல்லாது என்றது. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தராத அதிகாரத்தை அதிபர் தானே எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் காரணம். ட்ரூமனே நியமித்த நான்கு நீதிபதிகளில் இருவர் அவருக்கு எதிராக நின்றார்கள். இதை அழுத்திச் சொல்லுங்கள். அவரும் ஆலைகளை உடனே திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம், வீட்டோ, அதாவது காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் நிராகரிப்பது பற்றிக் கேட்டால்: இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் காங்கிரஸ் அதை மீறலாம்.