அப்பா பெயரில் ஒரு நூலகம்

அன்புள்ள ஐயா,

பாஸ்டன் பக்கத்தில் வூபர்னில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள வின் நினைவு நூலகத்தைப் பார்த்துச் சொக்கிப்போனேன். எங்கள் ஊரிலும் மறைந்த என் அப்பா நினைவாக, இதேபோல் கல்வளைவு வைத்து ஒரு நூலகம் கட்ட ஆசை. இது ரோமனெஸ்க் என்கிற பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணிதானே? நம் ஊரில் கட்ட முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பாவுக்குச் சிலை வைக்காமல் நூலகம் வைக்கத் தோன்றியதே, நன்றாக இருங்கள். பாணியின் பெயர் படிக்க வருகிறவனுக்கு எதற்கு? விடுங்கள்.

நீங்கள் பார்த்ததும் ஒரு மகன் அப்பாவுக்குச் செய்ததுதான். தோல் தொழிலில் பொருள் சேர்த்த ஜோனதன் வின்னின் நினைவாக, மகன் சார்லஸ் உயிலில் பணம் எழுதிவைத்தார். ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்த முதல் நூலகம் அது, 1879இல் முடிந்தது. கோபுரம், ஓவியக்கூடம், எண்கோண அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. நாற்காலியைக்கூட ரிச்சர்ட்சனே வடிவமைத்தார்.

புத்தகக் கூடத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். இருபுறமும் மாடம் மாடமாக அலமாரிகள், அதன் தலையில் இன்னோர் அடுக்கு. ஏறி எடுத்துக் கொடுக்கிறவரை நினைத்தீர்களா? சிகாகோ நூலகர் வில்லியம் பூல் 1881இலேயே இந்த மாதிரி மேலடுக்குகளை எதிர்த்து வாதாடினார். சூடு மேலே ஏறிப் பைண்டிங்கைத் தின்கிறது, ஏறி இறங்கியே ஆள் ஓய்ந்துபோகிறார் என்றார். பனி கொட்டும் தேசத்திலேயே அப்படி. நம் ஊர் வெயிலுக்கு?

எங்கள் ஊரிலும் ஒரு பெரியவர் நினைவாக வாசகசாலை இருந்தது. முகப்பு முழுக்க அவர் பெயர். இருந்த ஒரே ஜன்னலை அடைத்து அவர் படத்தை மாட்டியிருந்தார்கள். பாதிப் புத்தகங்கள் தகரக் கூரைக்குக் கீழே, பரணில். நூலகர் அம்மாவுக்கு முட்டிவலி. கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு வா கண்ணு" என்பார். கோபமாக வரும், பன்னிரண்டு வயதில் முட்டிவலி எனக்கு என்ன தெரியும்? ஒருநாள் ஏணி வைத்து ஏறி எடுத்துத் தந்தார். கையில் வாங்கியதும் அட்டை தனியே வந்தது, தாள் அப்பளமாக நொறுங்கியது. தூளை அந்தம்மா முந்தானையில் ஏந்திக்கொண்டு நின்றார். அந்த முகம் இன்னும் என்னை விடவில்லை.

அதனால்தான் கல்வளைவு என்றதும் எரிச்சல் வருகிறது. கல்லுக்குப் போடும் காசில் வடக்குச் சுவர் நெடுக ஜன்னல் வையுங்கள். ஒரு சிறுமியின் கை எட்டாத உயரத்தில் ஒரு பலகைகூட வேண்டாம். நூலகருக்கு மாதாமாதம் சம்பளம் போக வழி செய்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள். அப்பா பெயரை வாசலில் சின்னதாக எழுதினால் போதும், கோபிக்கமாட்டார்.

வரைபடம் போட்டதும் அனுப்புங்கள். நூலகர் உட்காரும் இடம் எங்கே என்றுதான் முதலில் பார்ப்பேன்.