பி.எஸ்சி அக்ரி படிச்சா கிராமத்துக்கு நெஜமாவே ஏதாவது பண்ண முடியுமா?

தாராளமா முடியும். பேங்க் வேலைக்குத்தான் இந்த டிகிரின்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, போறவங்க போகட்டும், அதுவும் நல்ல வேலைதான், ஆனா படிப்போட பலம் வேற எடத்துல இருக்கு.

டெல்டாவையே எடுத்துக்கோங்க. ஐப்பசி கார்த்திகை மழையில சம்பா பயிர் அப்படியே முழுகிடும், ஒரு வாரம் தண்ணி வடியலன்னா சாதாரண ரகம் அழுகிப் போயிடும். அதுக்காகத்தான் சிஆர் 1009ன்னு சொல்ற பொன்மணி நெல் ரகத்துல, தண்ணியில முழுகினாலும் தாங்க வைக்கிற சப்-1ங்கற ஜீனைச் சேர்த்து சிஆர் 1009 சப்-1 கொண்டு வந்தாங்க, இது முழுசா முழுகினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் தாக்குப்பிடிச்சு தண்ணி வடிஞ்சதும் திரும்பத் துளிர்க்கும். உணவுப் பாதுகாப்புன்னு சொல்றது இதைத்தாங்க, ஒரு குடும்பத்தோட வருஷ சாப்பாடும் கடனும் இதுல அடங்கியிருக்கு.

ஆனா ரகம் இருந்தா மட்டும் பத்தாது, விவசாயி கைக்குப் போகணுமே. நாலு வருஷப் படிப்புல கடைசி வருஷம் ராவேன்னு (RAWE, ஊரக வேளாண் பணி அனுபவம்) கிராமத்துலயே தங்கிப் பழகணும், அதை மட்டும் ஒப்பேத்திடாதீங்க. அங்க விவசாயிங்க முன்னாடி, முட்டை மிதக்குற அளவுக்கு உப்பு கரைச்ச தண்ணியில விதைநெல்லைக் கொட்டி, மேல மிதக்குற பதரை அள்ளிப் போட்டுட்டு, அடியில தங்கினதை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசி, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ், அதாவது பயிர் நோயைத் தடுக்குற நல்ல பாக்டீரியா, கலந்து காட்டுங்க, செலவு ரொம்பக் கம்மி, அடுத்த போகம் அவங்களே கூப்பிட்டு கேப்பாங்க.

மேல படிக்கணும்னா விதை அறிவியல், வேளாண் விரிவாக்கம் (புது ரகம், புது முறையை விவசாயிகிட்ட கொண்டு சேர்க்குற படிப்பு) ரெண்டையும் பாருங்க. ஊரோட நேரடியா வேலை செய்யணும்னா என் ஓட்டு விரிவாக்கத்துக்குத்தான்.