கம்ப்யூட்டரில் ஓடுற சிடி, கார் ஸ்டீரியோவில் 'எரர்' காட்டினால்

நீங்க எழுதின சிடி கம்ப்யூட்டரில் ஓடுது, கார் ஸ்டீரியோவில் மட்டும் 'எரர்' காட்டுதுன்னு கேட்டிருக்கீங்க. ஆடியோ சிடியா (கடையில் விக்கிற பாட்டு சிடி மாதிரி) எழுதுங்க, டேட்டா சிடியா (ஃபைல்களை அப்படியே ஏத்தறது) வேண்டாம். 60 எம்பி3 பாட்டை ஒரே டிஸ்க்கில் ஏத்தினதா சொல்றீங்க. காரணம் அதுவாத்தான் இருக்கும். கம்ப்யூட்டர் அதைத் திறந்துடும், பழைய ஸ்டீரியோவுக்கு எம்பி3 புரியாது. விண்டோஸ் மீடியா பிளேயரில் 'பர்ன்' பகுதியில் ஆடியோ சிடின்னு தேர்ந்தெடுத்தா அதுவே மாத்தி எழுதிடும். 80 நிமிஷம்தான் கொள்ளும், சுமார் 16 பாட்டு. ரொம்பப் பிடிச்சதை மட்டும் பொறுக்கி எடுங்க.

எழுதறதுக்கு முன்னால, கடையில் வாங்கின ஒரிஜினல் சிடி ஒண்ணைப் போட்டுப் பாருங்க. அதுவும் ஓடலேன்னா ஸ்டீரியோவோட லென்ஸில் தூசி இருக்கலாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிப் புழுதிக்கு நடுவுல தினமும் போற வண்டிக்கு இது சகஜம். என் வண்டியில லென்ஸைத் துடைச்ச பிறகுதான் பாட்டு வந்தது.

ஒரிஜினல் ஓடினா, பர்மா பஜாரில் வாங்கும்போது சிடி-ஆர்னு (ஒரே தடவை எழுதற டிஸ்க்) கேட்டு வாங்குங்க. சிடி-ஆர்டபிள்யூ டிஸ்க் (அழிச்சு திரும்ப எழுதறது) ஒளியைக் குறைவாத்தான் திருப்பும், பழைய பிளேயர் தடுமாறும். டிவிடி-ஆரும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனா சிடி பிளேயரில் ஓடாது, கவனம். பர்ன் பண்ற வேகத்தை 16எக்ஸ் அளவுக்குக் குறைச்சு எழுதுங்க.

டிஸ்க் மேல பேப்பர் லேபிள் ஒட்டவே ஒட்டாதீங்க. நம்ம ஊர் வெயிலில் பசை இளகி உள்ளே சிக்கிக்கிட்டா, ஸ்டீரியோவையே கழற்ற வேண்டியிருக்கும்.